ஒரே ஒரு வேலை தெரிந்த கருவி... டேப்லெட் காலத்தில் தாக்குப்பிடிக்குமா இ-புக் ரீடர்?

கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தைக்கு 74 வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு மர பீரோ உண்டு. அதில் துணிமணி கிடையாது. வார இதழ்களில் தொடராக வந்த கதைகளை வாராவாரம் பிரித்தெடுத்து, மாமா பைண்டு செய்து அடுக்கிய புத்தகங்கள்தான் மேலிருந்து கீழ்வரை. ஒவ்வொன்றின் முதுகிலும் மாமாவின் கையெழுத்தில் கதையின் பெயர்.

கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தும் அந்தப் பொடி எழுத்து அத்தைக்குப் பிடிபடவில்லை. "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா" என்று சொல்லி பீரோவைப் பூட்டிவிட்டார். சென்னையில் இருக்கும் மகன், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாமே என்று ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தான். நான்கு மாதம் கழித்து நான் போனபோது டேப்லெட் ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சமையல் வீடியோ, கோயில் நேரலை, பேத்தியோடு வீடியோ கால்.

"கதை ஏதாவது படிச்சீங்களா அத்தை?"

"படிக்கத்தான் உட்காருவேன். டிங்குனு ஒரு சத்தம் வரும். அது என்னன்னு பார்க்கப் போவேன். அப்புறம் எங்க கதை?"

அடுத்த முறை போனபோது, வீட்டில் சும்மா கிடந்த என் பழைய இ-புக் ரீடரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "என்னடா, சிலேட்டு மாதிரி இருக்கு" என்றார். ஆனால், அந்த சிலேட்டில்தான் 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களையும் இரண்டே மாதத்தில் மறுபடி படித்து முடித்தார்.

'டேப்லெட்டே இருக்கும்போது புத்தகம் மட்டும் படிக்கத் தனியாக ஒரு கருவி எதற்கு?' என்ற கேள்வி கிட்டத்தட்ட 15 வருடங்களாகக் கேட்கப்படுகிறது. பலமுறை அதற்கு இரங்கல் கட்டுரைகளும் எழுதியாயிற்று. ஆனாலும், இந்தக் கருவி இன்னும் கடைகளில் இருக்கிறது. ஏன்?

ஐந்தரை மணி நேரத்தில் காலி!

இ-புக் ரீடரின் கதை கிண்டிலில் தொடங்கவில்லை. 1998-லேயே அமெரிக்காவில் ராக்கெட் இ-புக், சாஃப்ட்புக் என்று இரண்டு கருவிகள் வந்தன. இரண்டிலும் இருந்தது அன்றைய எல்.சி.டி திரை. கண் கூசியது, பேட்டரி நிற்கவில்லை. அதனால் அவை எடுபடவில்லை.

மாற்றம் வந்தது திரையில்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜோசப் ஜேக்கப்சனும் அவரின் மாணவர்களும் காகிதத்தைப் போலவே தோன்றும் ஒரு திரையை உருவாக்கினார்கள். 1997-ல் 'இ இங்க்' என்ற நிறுவனம் பிறந்தது. அந்தத் திரையோடு 2004-ல் ஜப்பானில் சோனி ஒரு ரீடரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர், லிப்ரியே. திரை அருமை. ஆனால், அதில் வாங்கும் புத்தகம் 60 நாளில் தானாகவே மறைந்துவிடும். காசு கொடுத்த புத்தகத்துக்குக் கெடு வைத்தால் யார் வாங்குவார்கள்?

2007 நவம்பர் 19 அன்று அமேசானின் ஜெஃப் பெஸோஸ் முதல் கிண்டிலை அறிமுகப்படுத்தினார். விலை 399 டாலர். ஐந்தரை மணி நேரத்தில் கையிருப்பு முழுவதும் விற்றுத் தீர்ந்தது. கம்ப்யூட்டரே இல்லாமல், உட்கார்ந்த இடத்தில் புத்தகத்தை வாங்கி அடுத்த நிமிடமே படிக்க முடிந்ததுதான் அதன் வெற்றி ரகசியம்.

ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் அப்போது இதை ஏற்கவில்லை. இப்போதெல்லாம் மக்கள் படிப்பதே இல்லை, எனவே இந்தக் கருவியின் அடிப்படையே தவறு என்ற பொருளில் 2008 ஜனவரியில் கருத்துச் சொன்னார். இரண்டே ஆண்டுகளில், 2010-ல், அவர் கையாலேயே ஐபேட் வந்தது. அதில் புத்தகம் விற்கும் கடையும் இருந்தது.

இரங்கல் எழுதிய ஆண்டுகள்

ஐபேட் வந்ததும் ஒப்பீடு தொடங்கியது. ஒன்றில் வண்ணம், வீடியோ, விளையாட்டு, இணையம் எல்லாம் உண்டு. மற்றொன்றில் கறுப்பு வெள்ளை எழுத்து மட்டும். முதல் ஐபேடின் விலை 499 டாலர், எடை 680 கிராம். அதே ஆண்டு வந்த கிண்டில் 139 டாலர், சுமார் 240 கிராம். எடையிலும் விலையிலும் ரீடர் ஜெயித்தாலும், மற்ற எல்லாவற்றிலும் தோற்றது.

ரீடர் விற்றவர்களுக்கே தங்கள் பொருள் மீது சந்தேகம் வந்துவிட்டது. அமெரிக்கப் புத்தக நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிள் 2010-லேயே வண்ணத் திரை கொண்ட நூக்கை விற்கத் தொடங்கியது. 2011-ல் அமேசானும் 'கிண்டில் ஃபயர்' என்ற பெயரில் 199 டாலருக்கு டேப்லெட் கொண்டுவந்தது. அந்த ஆண்டு உலகம் முழுக்க சுமார் 2.3 கோடி இ-புக் ரீடர்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன என்றும், அடுத்த ஆண்டே அது 1.5 கோடிக்குச் சரிகிறது என்றும் ஐசப்ளை ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. 2014-ல் சோனி இந்தத் தொழிலையே கைவிட்டது. 2023 ஜூன் மாதம் சீனாவில் கிண்டிலின் புத்தகக் கடையை அமேசான் மூடியது.

இவ்வளவுக்குப் பிறகும் கருவி சாகவில்லை. சுருங்கிக்கொண்டது. 'எல்லோருக்கும் ஒன்று' என்ற கனவு போய், தினமும் படிக்கிறவர்களின் கருவி என்ற இடத்துக்கு வந்து நின்றது. அந்த இடத்தை டேப்லெட்டால் பிடுங்க முடியாததற்குக் காரணம், திரைக்குள் இருக்கிறது.

திரைக்குள் என்ன நடக்கிறது?

போன், டேப்லெட் இரண்டிலும் திரையே விளக்கு. வெளிச்சம் நம் கண்ணை நோக்கி வருகிறது. இ-இங்க் திரை அப்படி இல்லை. அதற்குள் லட்சக்கணக்கான நுண்ணிய உருண்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். உருண்டைக்குள் தெளிவான திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. வெள்ளைக்கு ஒருவகை மின்னேற்றம், கறுப்புக்கு நேரெதிர். மின்சாரம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கேற்ப கறுப்போ வெள்ளையோ மேலே வந்து நிற்கும். அதுதான் எழுத்து.

மேலே வந்த துகள் அங்கேயே நின்றுகொள்ளும். அதைப் பிடித்துவைக்க மின்சாரம் தேவையில்லை. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் செலவு. அதனால்தான் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வருகிறது. எழுத்தை நாம் பார்ப்பது காகிதத்தைப் போலவே, வெளியிலிருந்து விழும் ஒளியில். நடு வெயிலில் போன் திரை மங்கும். இது இன்னும் தெளிவாகும். இருட்டில் படிப்பதற்காக 2012-ல் வந்த கிண்டில் பேப்பர்வொயிட்டில் விளக்கு சேர்த்தார்கள். அந்த ஒளியும் திரையின் மேல் படர்வது. பின்னாலிருந்து கண்ணில் அடிப்பதில்லை.

குறைகளும் உண்டு. துகள்கள் நகர நேரம் எடுப்பதால் வீடியோ சரிப்படாது. பழைய பக்கத்தின் நிழல் சில சமயம் புதிய பக்கத்தில் லேசாகத் தங்கும். வண்ணத் திரை கொண்ட ரீடர்களை 2024-ல் கோபோவும் அமேசானும் அடுத்தடுத்துக் கொண்டுவந்தன. ஆனாலும், அந்த வண்ணம் டேப்லெட்டைப் போல் பளிச்சென்று இருப்பதில்லை. பழைய நாளிதழின் வண்ணப் பக்கம் போலத்தான் இருக்கிறது.

கண், தூக்கம், கவனம்

இதையெல்லாம் வைத்து 'ரீடர்தான் சிறந்தது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 12 பேரை வைத்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2014 இறுதியில் வெளியானது. படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம் ஐபேடில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்த நாள்களைவிடத் தூக்கம் வர சுமார் பத்து நிமிடம் கூடுதலாகத் தேவைப்பட்டது. தூக்கத்துக்கான மெலட்டோனின் சுரப்பதும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. சிறிய ஆய்வுதான், திரையும் முழு வெளிச்சத்தில் இருந்தது. ஆனாலும், படுக்கையில் எதில் படிக்கிறோம் என்பது ஒரு பொருட்டுதான் என்று அது காட்டியது.

புரிதல் பற்றியும் கேள்வி உண்டு. 2018-ல் ஸ்பெயினைச் சேர்ந்த பாப்லோ டெல்கடோ குழு, 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசியது. அவற்றில் கலந்துகொண்டவர்கள் 1.7 லட்சத்துக்கும் மேல். தகவல் சார்ந்த கட்டுரைகளைத் திரையைவிடக் காகிதத்தில் படித்தவர்களுக்குச் சற்று நன்றாகப் புரிந்திருந்தது. அவசரமாகப் படிக்கும்போது வித்தியாசம் இன்னும் கூடியது. கதை படிப்பதில் மட்டும் அந்த வேறுபாடு தென்படவில்லை.

கிண்டிலை மட்டும் வைத்து நார்வேயின் ஆன் மாங்கன் குழு நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. 50 பேரில் பாதிப்பேர் அச்சிலும், பாதிப்பேர் கிண்டிலிலும் ஒரே நீண்ட கதையைப் படித்தார்கள். பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் சமம். எந்தச் சம்பவம் முன்னால் நடந்தது, எது பின்னால் என்று வரிசைப்படுத்துவதில் மட்டும் அச்சில் படித்தவர்கள் முந்தினார்கள். புரட்டிய பக்கங்கள் இடது கையில் கனத்துக்கொண்டே வருவதும் ஞாபகத்துக்கு ஒரு துணையோ என்னவோ!

ஆக, காகிதத்தின் இடத்தை ரீடர் முழுவதும் பிடித்துவிடவில்லை. ஆனால், அத்தையின் போட்டி காகிதத்தோடு இல்லை. காகிதம் அவருக்குக் கைவிட்டுப் போய்விட்டது. ரீடரா, டிங் என்று கூப்பிடும் டேப்லெட்டா என்பதுதான் அவருக்கு முன் இருந்த கேள்வி. டேப்லெட்டால் பத்து வேலை செய்ய முடியும். அந்தப் பத்தில் ஒன்பது, படிக்க விடாத வேலை. ரீடருக்கு ஒரு வேலைதான் தெரியும். அந்தப் போதாமைதான் அதன் பலம்.

சரி, எல்லா அறிவிப்பையும் நிறுத்திவைத்தால் டேப்லெட்டும் ரீடராகிவிடாதா? ஆகும், மன உறுதி இருந்தால்! இந்தக் கட்டுரையைப் போனில் படிக்கத் தொடங்கியதிலிருந்து எத்தனை முறை வேறெங்கோ போய் வந்தீர்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டது எப்படி?

ரீடர்கள் வந்த புதிதில் தமிழ் வாசகருக்கு அவை கிட்டத்தட்ட உதவாத பொருள். 2012-ல் கிண்டில் 6,999 ரூபாய்க்கு இந்தியக் கடைகளுக்கு வந்தது. ஆனால், தமிழ்க் கோப்பை ஏற்றினால் கொம்பு ஓர் இடத்தில், எழுத்து ஓர் இடத்தில் என்று சிதறிக் கிடக்கும்.

நம் தன்னார்வலர்கள் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். 'ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ்' தளத்தில், ஆறு அங்குலத் திரைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் எழுத்துருவோடு சேர்த்த பி.டி.எஃப் கோப்புகளைத் தனியாகவே தயாரித்துக் கொடுத்தார்கள். 'கிண்டிலில் தமிழ்' என்பது பலருக்கும் அப்படித்தான் அறிமுகமானது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமோ, கிண்டில் பிறக்கும் முன்பே சங்க இலக்கியம் முதல் நவீன நாவல்கள் வரை உலகெங்கும் உள்ள தமிழர்களின் உழைப்பால் மின்வடிவமாக்கி வந்தது.

2016 டிசம்பரில் தமிழ், இந்தி, மலையாளம், மராத்தி, குஜராத்தி ஆகிய ஐந்து மொழிப் புத்தகங்கள் கிண்டிலுக்கு முறையாக வந்தன. அதன்பின் பதிப்பாளர் தயவில்லாமல் எழுத்தாளர்கள் தாங்களாகவே தமிழ் நூல்களை வெளியிட முடிந்தது. அச்சில் கிடைக்காத எத்தனையோ பழைய நாவல்கள் மறுபிறவி எடுத்தன.

தமிழுக்கு வேறு எங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதியும் உண்டு. கல்கி உட்படப் பல எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவற்றை யார் வேண்டுமானாலும் மின்னூலாக்கலாம், இலவசமாகப் படிக்கலாம். அத்தையின் 'பொன்னியின் செல்வன்' அப்படி வந்ததுதான்.

யாருக்கு எது சரி?

எல்லோரும் ரீடர் வாங்க வேண்டியதில்லை. வாங்கும் முன் யோசிக்கச் சில குறிப்புகள்:

* நாவல், சிறுகதை, கட்டுரை என்று தினமும் அரை மணி நேரமாவது படிப்பவரா? ரீடர் பொருத்தம். மாதம் ஒரு புத்தகம்கூடப் படிக்காதவர் என்றால் போனே போதும்.

* எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டிய பெரியவர்களுக்கு ரீடர் வரம். முதலில் வேறொருவரின் கருவியில் ஒரு வாரம் படிக்கச் சொல்லிப் பாருங்கள். கனம், பொத்தான், விரலால் தொட்டுத் திருப்புவது எல்லாம் பழக வேண்டும்.

* பிள்ளைகளின் பாடப்புத்தகம், படக்கதை, வரைபடம் எல்லாம் டேப்லெட்டில்தான் சரிவரும்.

* தமிழ் மின் நூலகம் போன்ற தளங்களில் அரிய பழைய நூல்கள் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டுக் கிடைக்கின்றன. அவற்றில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. ஆறு அங்குல ரீடரில் படித்தால் கண்வலிதான் மிஞ்சும். இதற்கும் டேப்லெட்தான்.

* விலையையும் பாருங்கள். 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்த பேப்பர்வொயிட் 16,999 ரூபாய். இந்த விலைக்கு ஒரு நல்ல போனோ டேப்லெட்டோ கிடைக்கும். நடுத்தரக் குடும்பம் ஒன்று யோசிப்பது நியாயம்தான்.

புத்தகம் யாருடையது?

போன மாதம் அத்தை ஒரு கேள்வி கேட்டார். "எனக்கப்புறம் இந்த பீரோவை நீ எடுத்துக்கோ. அவன் ஃபிளாட்ல இதுக்கு இடமில்ல. அப்போ இந்த சிலேட்டுல இருக்கிறதும் உனக்குத்தானே வரும்?"

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இலவசமாக ஏற்றியவை வரும். ஆனால், அவர் மகன் தன் கணக்கிலிருந்து காசு கொடுத்து வாங்கிக் கொடுத்த இருபது முப்பது நாவல்கள்? பெரும்பாலான மின்னூல் கடைகளில் நாம் வாங்குவது புத்தகத்தை அல்ல, அதைப் படிக்கும் உரிமத்தை மட்டுமே. அதை இன்னொருவர் பெயருக்கு மாற்றவோ, பழைய புத்தகக் கடையில் போடவோ முடியாது.

உரிமம் என்றால் என்ன என்பதை 2009-ல் அமெரிக்க வாசகர்கள் கண்கூடாகப் பார்த்தார்கள். உரிமைச் சிக்கலைக் காரணம் காட்டி, ஏற்கெனவே விற்ற ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' நூல்களை வாசகர்களின் கிண்டிலிலிருந்து அமேசான் அழித்தது. பணம் திரும்ப வந்தது; பெஸோஸ் மன்னிப்பும் கேட்டார். 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையையே மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்களும் சேர்ந்தே மறைந்தன. அங்கும் பணம் திரும்பக் கிடைத்தது. ஆனால், ஓரத்தில் குறிப்பெழுதிப் படித்த புத்தகத்துக்குப் பணம் ஈடாகுமா? 2025 பிப்ரவரியில், கடையில் வாங்கிய கிண்டில் நூல்களைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் அமேசான் நீக்கியது.

நம் அரசின் வரிக் கணக்கிலும் மின்னூல் இன்னும் முழுப் புத்தகமாகவில்லை. அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி கிடையாது. அதே புத்தகத்தின் மின்வடிவத்துக்கு 18 சதவிகிதமாக இருந்த வரி, 2018 ஜூலையில் 5 சதவிகிதம் ஆனது. அதுவும் அச்சு வடிவம் உள்ள நூல்களுக்கு மட்டுமே!

என்னைக் கேட்டால், இ-புக் ரீடருக்கு உண்மையான ஆபத்து டேப்லெட்டால் வரப்போவதில்லை. இ-இங்க் திரைகள் இன்று வெளிநாட்டுக் கடைகளின் விலைச்சீட்டு முதல் பேருந்து நிறுத்தம் வரை பயன்படுகின்றன. ஆகவே, ரீடர் விற்பனை குறைந்தாலும் அந்தத் தொழில்நுட்பம் அழியாது. பேனாவால் எழுதும் வசதியோடு நார்வேயின் ரிமார்க்கபிள் 2017-லும், கிண்டில் ஸ்கிரைப் 2022-லும் வந்து புதிய வாசல்களைத் திறந்திருக்கின்றன. கவலை வேறு இரண்டு. ஒன்று, ஆப், அறிவிப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து ரீடரையும் டேப்லெட்டாக்கிவிடுவது. மற்றொன்று, வாசகருக்குச் சொந்தமாகாத புத்தகத்தை விற்றுக்கொண்டே இருப்பது. படிக்கிறவர்கள் ஒரு புத்தகத்தைக் காலத்துக்கும் வைத்திருக்க ஆசைப்படுகிறவர்கள். அந்த நம்பிக்கை போனால், எவ்வளவு நல்ல திரை இருந்தும் பயனில்லை.

அத்தையிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போய் ஒரு பென் டிரைவ் வாங்கி வந்தேன். நாட்டுடைமையானவை, மதுரைத் திட்டத்தில் கிடைத்தவை, எழுத்தாளர்கள் தாங்களே இலவசமாகத் தந்தவை என்று பூட்டில்லாத புத்தகங்களை எல்லாம் அதில் நகலெடுத்தேன். ஒரு சின்ன காகித உறையில் அதைப் போட்டு, மேலே பெயர் எழுதச் சொன்னேன்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிய எழுத்தில் 'கதைகள்' என்று எழுதினார். பிறகு, எழுந்து போய் பீரோவைத் திறந்து, மாமா பைண்டு செய்த வரிசையின் கடைசியில் வைத்தார்.